மூக்குத் தண்டு அறுவை முடிந்து ஐந்து மாதம் ஆகியும் அடைப்பு ஏன் போகவில்லை?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. வயது 34. மூக்குத் தண்டு வளைவுக்கு அறுவை செய்து, கூடவே பக்கச் சதையையும் குறைத்து ஐந்து மாதம் ஆகிறது. முதல் மாதம் வீக்கமும் பொருக்குமாகக் கழிந்தது. அடுத்த ஆறேழு வாரம் நன்றாக மூச்சு விட்டீர்கள். ஒரு சளிக்காய்ச்சல் வந்தது; அதிலிருந்து பழையபடி அடைப்பு. இரவில் அதிகம், ஒரு நேரம் இடது, ஒரு நேரம் வலது. மருந்துக் கடையில் வாங்கிய சொட்டு மருந்தை விட்டால் பத்து நிமிடத்தில் திறந்துகொள்கிறது. அறுவை செய்தவர் “எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது” என்கிறார். இன்னொருவர் “மறுபடி செய்ய வேண்டியிருக்கும்” என்கிறார். அறுவை தோற்றுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதற்குள் வேறொரு கேள்வி கேட்கிறது: உள்ளே பார்ப்பவருக்குச் சரியாகத் தெரியும் மூக்கு, உடையவருக்கு மட்டும் ஏன் அடைத்திருக்கிறது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். அது தெளிந்தால் உங்கள் கேள்விக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

இருபத்திரண்டு ஆண்டுகளாகக் காது, மூக்கு, தொண்டை மருத்துவம் பார்க்கிறேன். நீங்கள் செய்துகொண்ட அறுவையை நானும் நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறேன். செய்து முடித்து “எல்லாம் சரி” என்று சொல்லி அனுப்பிய ஆளே திரும்பி வந்து நின்றதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் மூக்கினுள் நான் எட்டிப் பார்க்கவில்லை. ஆகவே நீங்கள் எழுதியதிலிருந்து ஊகிக்க முடிந்ததை ஊகம் என்றே சொல்கிறேன்.

முதலில், அந்த அறுவை எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்பது. மூக்கின் நடுவே குருத்தெலும்பும் எலும்புமாக ஒரு சுவர் இருக்கிறது. அதைத்தான் தண்டு என்கிறோம். சீட்டில் டி.என்.எஸ். என்று எழுதுவது அது வளைந்திருப்பதைத்தான். சுவருக்கு எதிர்ப்புறம், ஒவ்வொரு பக்கமும் மூன்று மடிப்புகளாகத் தொங்குவது டர்பினேட்; உங்களுக்குக் குறைத்த பக்கச் சதை இதுதான். நோயாளிகள் இதை “சதை வளர்ந்திருக்கிறது” என்பார்கள். மூக்கினுள் புதிதாக முளைக்கும் பாலிப்பையும் அப்படியே சொல்கிறார்கள், குழந்தைகளின் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டையும் அப்படியே சொல்கிறார்கள். ஒரே சொல் மூன்று நோய்க்கு ஓடுவதால் வரும் குழப்பம் கொஞ்சமல்ல. டர்பினேட் வளரக்கூடாத சதை அல்ல. எல்லோருக்கும் பிறவியிலேயே இருப்பது. உள்ளே ரத்தக் குழாய்கள் நிறைந்த பஞ்சு போன்ற திசு. ரத்தம் நிறைந்தால் உப்பும், வடிந்தால் சுருங்கும். மழைக்காலத்தில் மரக்கதவு நிலையில் இடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தச்சர் வந்து கோணலான நிலையை நேராக்குகிறார், கதவின் ஓரத்தையும் கொஞ்சம் இழைத்துவிடுகிறார். அடுத்த மழைக்கு அந்த மரம் ஈரம் குடித்து உப்புவதை அவரால் நிறுத்த முடியாது. அறுவை நிலையைச் சரிசெய்தது. ஒவ்வாமை, தூசி, புகை, சளி, சொட்டு மருந்து இவை எல்லாம் கதவை உப்பவைப்பவை. அவை கத்திக்கு எட்டாதவை.

காலக் கணக்கு பற்றி. முதல் இரண்டு வாரம் பொருக்கும் ரத்தக் கசிவும் இருக்கும். ஆறு வாரத்துக்குள் பெரும்பாலான வீக்கம் வடிந்துவிடும். முழுமையாக ஆற மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். குருத்தெலும்புக்குப் பழைய வளைவுக்கே திரும்பும் குணம் கொஞ்சம் உண்டு. ஓராண்டு வரை சிறு மாற்றங்கள் வரலாம். ஆகவே ஐந்தாவது மாதம் என்பது தீர்ப்பு எழுதும் நேரம் அல்ல. ஆனால் “இன்னும் ஆறவில்லை, பொறுங்கள்” என்று மட்டும் சொல்லி அனுப்பும் நேரமும் தாண்டிவிட்டது. உங்கள் கதையில் என் கண்ணில் பட்டது நடுவே வந்த அந்த ஆறேழு நல்ல வாரங்கள்தான். தண்டு நேராகாமலே போயிருந்தால் அந்த வாரங்கள் வந்திருக்காது. வழி திறந்திருந்தது, பிறகு ஏதோ அதை மூடியிருக்கிறது.

பக்கம் மாறி மாறி அடைப்பதைப் பற்றிப் பயந்து எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு பகுதி இயற்கை. மனித மூக்கு இரண்டு துளையாலும் ஒரே அளவில் மூச்சு விடுவதில்லை. ஒரு பக்க டர்பினேட் உப்பும்போது மறுபக்கம் சுருங்கும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை முறை மாறும். 1895இல் ஜெர்மனியைச் சேர்ந்த ரிச்சர்ட் கைசர் என்ற மருத்துவர் இதை விவரித்து எழுதினார். நம் பக்கத்தில் சரம், அதாவது எந்தத் துளையில் மூச்சு ஓடுகிறது என்று, பார்க்கிறவர்கள் இடகலை, பிங்கலை என்று அதற்கு வெகு காலம் முன்பே பேர் வைத்துவிட்டார்கள். அதை வைத்து அவர்கள் சொல்லும் பலன்களுக்கு நான் பொறுப்பல்ல, கவனிப்பு மட்டும் சரியானது. வழி அகலமாக இருப்பவருக்கு இந்த முறைமாற்றம் தெரியவே தெரியாது. மூக்கின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வு வீங்கி வழி குறுகியவருக்கு, முறை வரும் பக்கம் முழுதாக அடைத்துக்கொள்ளும். படுத்தால் தலைக்கு ரத்தம் கூடுதலாக வந்து சவ்வு இன்னும் உப்பும். ஆகவே மாறி மாறி வருவதும் இரவில் மிகுவதும் எலும்பைவிடச் சவ்வைத்தான் காட்டிக்கொடுக்கின்றன. எலும்பு இடம் மாறாது; எலும்பால் வந்த அடைப்பு பெரும்பாலும் ஒரே பக்கம், பகலும் இரவும் இருக்கும்.

இனி அந்தச் சொட்டு மருந்துக்கு வருகிறேன். இந்தப் பதிலில் நான் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடிய இடம் இதுதான். சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் என்ற இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் உங்கள் புட்டியில் இருக்கும்; பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் பாருங்கள். இவை ரத்தக் குழாய்களைச் சுருக்குபவை. சுருங்கியதும் டர்பினேட் வற்றி வழி திறக்கிறது. அந்தப் பத்து நிமிட அதிசயம் அதனால்தான். மருந்தின் வேகம் இறங்கும்போது குழாய்கள் முன்னைவிட அதிகமாக விரிகின்றன. மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். ஐந்து நாளுக்கு மேல் போகக்கூடாது என்று நாங்கள் சொல்வது இதற்காகத்தான். நீங்கள் எத்தனை நாளாக விடுகிறீர்கள் என்று எழுதவில்லை; ஆனால் “இப்போது மூன்றாவது புட்டி” என்று போகிற போக்கில் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள். என் அறைக்கு வரும் இப்படிப்பட்டவர்களை அடையாளம் காண நான் கருவி எடுக்க வேண்டியதில்லை. மூக்கைப் பற்றிக் கேட்டதும் கை தானாகச் சட்டைப் பையைத் தொடும். பையில் ஒன்று, தலையணைக்கு அடியில் ஒன்று, அலுவலக மேசை இழுப்பறையில் ஒன்று என்று மூன்று புட்டி வைத்திருந்தவர் ஒருவர். ஊருக்குப் போகும்போது ஒரு புட்டியை மறந்துவிட்டு, பாதி வழியில் இறங்கி மருந்துக் கடை தேடியதை வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். அவருக்கும் இரண்டாவது அறுவைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். புட்டியை நிறுத்திய ஆறாவது வாரம் அந்தத் தேதியை அவரே ரத்து செய்துவிட்டார். எல்லோருக்கும் இப்படி முடியும் என்று சொல்ல வரவில்லை. புட்டி கையில் இருக்கும்வரை உங்கள் மூக்கின் உண்மையான நிலையை யாராலும் கணிக்க முடியாது, அவ்வளவுதான்.

சொட்டு மருந்தை நிறுத்துவது எப்படி என்று கேட்டால், நான் சொல்லிக்கொடுக்கும் முறை இது. உங்கள் மருத்துவரிடம் கேட்டு ஃப்ளூட்டிகசோன் அல்லது மொமெட்டசோன் ஸ்பிரேயைத் தொடங்குங்கள். இவை ஸ்டீராய்டுதான், ஆனால் அளவு மிகக் குறைவு, உடம்பில் சேர்வதும் மிகக் குறைவு. சொட்டு மருந்தைப் போல உடனே வேலை செய்யாது. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகும். மூன்றாம் நாளே “இது ஒன்றும் ஆகவில்லை” என்று தூக்கிப் போடுபவர்கள்தான் அதிகம். ஒரு வாரம் ஸ்பிரே ஓடிய பிறகு, சொட்டு மருந்தை ஒரு பக்கத்துக்கு மட்டும் நிறுத்துங்கள். அந்தப் பக்கம் நாலைந்து நாள் கல்லாக அடைத்திருக்கும். மறுபக்கம் திறந்திருப்பதால் தூக்கம் முழுக்கக் கெடாது. அடைத்த பக்கம் இளகியதும் மறுபக்கத்துக்கும் நிறுத்திவிடுங்கள். பலருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் வழி பிறக்கிறது. ஆண்டுக்கணக்கில் விட்டவர்களுக்கு இன்னும் ஆகும். ஒரு பக்கமாக நிறுத்தும் இந்த வித்தை பழக்கத்தில் வந்தது. பெரிய ஆய்வு செய்து நிறுவியது அல்ல. ஒரேயடியாக நிறுத்தி வென்றவர்களும் உண்டு. ரத்த அழுத்தம் இருப்பவருக்குச் சொட்டு மருந்தை நிறுத்த இன்னொரு காரணமும் இருக்கிறது. அது அழுத்தத்தை ஏற்றக்கூடியது.

ஸ்பிரே அடிக்கும் முறையைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் விட்டால் மனசாட்சி உறுத்தும். பத்துப் பேரை என் முன்னால் அடித்துக் காட்டச் சொன்னால் ஏழெட்டுப் பேர் தலையை அண்ணாந்து, குழலை நேரே நடுத்தண்டை நோக்கிச் செலுத்தி, பலமாக உறிஞ்சுவார்கள். மருந்து தொண்டைக்குள் இறங்கிக் கசக்கும். மிச்சம் தண்டில் பட்டு அந்த இடம் வறண்டு ரத்தம் கசியும். அறுவை நடந்த தண்டுக்கு இது கூடவே கூடாது. தலையைச் சற்றுக் குனியுங்கள். வலது கையால் இடது துளைக்கும், இடது கையால் வலது துளைக்கும் அடியுங்கள். கை மாறினால் குழலின் முனை தானாகவே வெளிப்புறம், அந்தப் பக்கத்துக் கடைக்கண்ணை நோக்கித் திரும்பிவிடும். மெல்ல மூச்சை இழுத்தால் போதும். உப்புநீரால் கழுவுவதாக இருந்தால் கழுவிய பிறகு ஸ்பிரே; முன்னால் அடித்தால் மருந்தைக் கழுவிச் சாக்கடையில் விட்டதாகும்.

உப்புநீர்க் கழுவல் மலிவானது, பாதுகாப்பானது, அறுவைக்குப் பின் பொருக்கையும் சளியையும் எடுக்க அதைவிட நல்லது எதுவும் இல்லை. மருந்துக் கடையில் பொட்டலமாகவே கிடைக்கிறது. வீட்டில் செய்வதென்றால் அயோடின் சேர்க்காத உப்பு மூன்று தேக்கரண்டி, சமையல் சோடா ஒரு தேக்கரண்டி கலந்து மூடி வைத்துக்கொண்டு, அதில் ஒரு தேக்கரண்டியை 240 மில்லி வெதுவெதுப்பான நீரில் கரைத்தால் சரியாக வரும். எரிந்தால் உப்பைக் கொஞ்சம் குறையுங்கள். சமையல் சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றல்ல என்பதைச் சொல்லிவைக்கிறேன், ஒரு வீட்டில் அந்தத் தவறு நடந்தது. தண்ணீர் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், கேன் தண்ணீர் எதுவாக இருந்தாலும் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவைத்து ஆறிய பிறகுதான் மூக்கில் விட வேண்டும். கேன் தண்ணீர் குடிக்கத் தகுந்தது. கிருமியே இல்லாதது என்று பொருள் இல்லை. வயிற்றுக்குப் போகும் நீரை அமிலம் கவனித்துக்கொள்ளும், மூக்கின் கூரைக்கு அந்தக் காவல் கிடையாது. 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரை நேத்திக் குவளையில் ஊற்றி மூக்கைக் கழுவிய இருவர், நெக்லேரியா என்ற அமீபா மூளைக்கு ஏறி இறந்தார்கள். 2024இல் கேரளத்தில் சிறுவர்கள் இறந்தபோது செய்தித்தாள்கள் எழுதிய ‘மூளை தின்னும் அமீபா’வும் மூக்கு வழியாக ஏறுவதுதான். மிக மிக அரிதான நோய். ஆனால் ஒரு நிமிடக் கொதியில் தவிர்க்கக்கூடிய அரிது.

ஆவி பிடிப்பது சுகம் தரும். நொச்சி இலை போட்டால் வாசனையும் சேரும், என் அம்மா போட்டுத்தான் நான் வளர்ந்தேன். அடைப்பின் காரணத்தை அது எடுப்பதில்லை. சட்டி கவிழ்ந்து தொடை வெந்து வந்தவர்களைப் பார்த்ததால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதை நான் சொல்வதே இல்லை. மாத்திரைகளில், செட்டிரிசின் வகை தும்மலுக்கும் நமைச்சலுக்கும் நீர் ஒழுகலுக்கும் கேட்கும். அடைப்புக்கு அவ்வளவாகக் கேட்காது. சளி மாத்திரைகளில் பரவலாகச் சேர்க்கப்படும் ஃபீனைலெஃப்ரினை வாயால் விழுங்கினால் அடைப்புக்குப் பயனில்லை என்று 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழு 16க்கு 0 என்று வாக்களித்தது. நம் ஊர்க் கடைகளில் அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. மான்டெலுகாஸ்ட் கலந்த மாத்திரையை மாதக்கணக்கில் தாமாக வாங்கிச் சாப்பிடுபவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்: மனநிலை மாற்றம், கெட்ட கனவு, மனச்சோர்வு வரலாம் என்று 2020இல் அந்த அமைப்பே அதன் மருந்துக் குறிப்புத் தாளில் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்க்கச் செய்தது. மூக்கு ஒவ்வாமைக்கு அது முதல் மருந்து அல்ல.

அறுவைக்கு முன்பே காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்முவீர்களா, கண் நமைக்குமா, வீட்டில் யாருக்காவது இழைப்பு உண்டா? இவற்றுக்கு ஆம் என்றால் ஒவ்வாமை உங்களோடேயே இருந்தது, அறுவைக் கூடத்துக்கும் கூடவே வந்தது, கூடவே வீடும் திரும்பியிருக்கிறது. பஞ்சு மெத்தையிலும் தலையணையிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசு உண்ணி முதல் சந்தேகம். இரவில் மிகுவதற்கு அதுவும் ஒரு காரணம். உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது, இருக்கும் அறையில் ஈரத்தைக் குறைப்பது உதவும். சீமைக் கருவேலம், பார்த்தீனியம் இரண்டின் மகரந்தமும் பெயர்பெற்ற எதிரிகள். தோல் பரிசோதனை செய்தால் உங்கள் எதிரி எது என்று ஓரளவு தெரியும்.

இதுவரை சொன்னது சவ்வைப் பற்றி. கட்டமைப்பில் இன்னும் கோளாறு இருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆறும்போது தண்டும் டர்பினேட்டும் உரசி ஒட்டிக்கொள்ளலாம். மூக்கினுள் மெல்லிய குழல் கேமரா விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியில் வெள்ளைப் பாலம் போலத் தெரியும், மரத்துப்போகும் மருந்து வைத்து வெட்டிவிடலாம், பெரிய அறுவை தேவைப்படாது. தண்டின் மேல்பகுதியிலோ நுனியிலோ வளைவு மிஞ்சியிருக்கலாம். தண்டில் ஓட்டை விழுந்தால் மூச்சு விடும்போது விசில் சத்தம் வரும், பொருக்கு ஓயாது. இந்த மூன்றும் எண்டோஸ்கோப்பிக்குத் தப்பாது.

தப்புவது ஒன்று உண்டு, அதில் நானே ஏமாந்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆசிரியைக்கு இதே அறுவை செய்தேன். மூன்று முறை திரும்பி வந்தார், மூன்று முறையும் இடுக்கி போன்ற அந்த ஸ்பெகுலத்தை விட்டு விரித்துப் பார்த்து “அம்மா, நெடுஞ்சாலை மாதிரி இருக்கிறது” என்றேன். நான்காவது முறை, கருவியை எடுப்பதற்குள் அவர் அவசரமாக ஒரு மூச்சை இழுத்தார். வலது மூக்கின் பக்கச்சுவர் உள்ளே சப்பிப்போய்த் துளையை மூடியதை என் கண்ணால் பார்த்தேன். மூன்று முறையும் நான் பார்த்தது என் கருவி விரித்துக் காட்டிய மூக்கை. மூக்கின் முன்பகுதியில் தண்டுக்கும் மேல் குருத்தெலும்புக்கும் நடுவே 10 முதல் 15 டிகிரி கோணத்தில் ஒரு குறுகல் இருக்கிறது, வால்வு என்போம். மூச்சுப்பாதை முழுவதிலும் மிகக் குறுகிய இடம் அது. அங்கே தாங்குபலம் குறைந்தால், தண்டு எவ்வளவு நேராக இருந்தாலும் இழுக்க இழுக்க மூடிக்கொள்ளும். அழகுக்காக மூக்கின் மேல்விளிம்பில் உள்ள மேட்டைச் செதுக்கிக்கொண்டவர்களுக்கு இது வருவது அதிகம்; அந்த இடத்தில் குருத்தெலும்புத் துண்டை ஆப்புபோல் வைத்துத் தாங்கும் முறையை ஜாக் ஷீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1984இல் எழுதினார். நீங்களே சோதித்துப் பார்க்கலாம்: கண்ணாடி முன் நின்று பலமாக மூச்சை இழுங்கள், பக்கச்சுவர் உள்வாங்குகிறதா? கன்னத்தைக் காதை நோக்கி விரலால் இழுத்துப் பிடித்தால் அந்தப் பக்கம் சட்டென்று திறக்கிறதா? மூக்கின்மேல் ஒட்டும் பட்டையை இரவில் ஒட்டினால் தூக்கம் மாறுகிறதா? கன்னத்தை இழுக்கும் சோதனையில் நல்ல மூக்கும் கொஞ்சம் திறக்கத்தான் செய்யும். அது ஒன்றையே நம்ப வேண்டாம். பட்டையால் பெரிய மாற்றம் தெரிந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், கருவி விடாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு சோதனை, நாங்கள் படிக்கும் காலத்தில் கற்றுக்கொண்டது. ஒரு எவர்சில்வர் தட்டைக் குளிர்பெட்டியில் பத்து நிமிடம் வைத்து எடுத்து மூக்குக்குக் கீழே கிடையாகப் பிடித்து, வாயை மூடி மெல்ல மூச்சு விடுங்கள். தட்டில் இரண்டு பனித் திட்டுகள் படியும். எது பெரிது, எது சிறிது என்று அடைத்ததாகத் தோன்றும் நேரத்திலும் திறந்ததாகத் தோன்றும் நேரத்திலும் பாருங்கள். சிலருக்கு ஒரு வினோதம் நடக்கும்: இரண்டு திட்டும் அகலமாகப் படியும், ஆனால் ஆள் “அடைத்திருக்கிறது” என்பார். அவர் பொய் சொல்லவில்லை.

காற்று ஓடுவதை நாம் நேரடியாக உணர்வதில்லை. உள்ளே வரும் காற்று சவ்வைக் குளிர்விக்கிறது. அந்தக் குளிர்ச்சியைத்தான் நரம்பு “மூச்சு வருகிறது” என்று மூளைக்குச் சொல்கிறது. நரம்பில் குளிரை உணரும் அந்த வாங்கியை (ரிசெப்டர்) 2002இல் இரண்டு ஆய்வுக்கூடங்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. அவற்றை நடத்திய டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும் வெப்பத்தையும் தொடுகையையும் உடல் எப்படி உணர்கிறது என்ற ஆராய்ச்சிக்காக 2021இல் நோபல் கிடைத்தது. மெந்தால் அதே வாங்கியைத் தட்டுகிறது. அதனால்தான் தைலம் தடவியதும் மூக்கு திறந்ததுபோல் இருக்கிறது. அளந்து பார்த்தால் வழி ஒரு நூல்கூட அகலமாகியிருக்காது. இதன் மறுபக்கம் கசப்பானது. டர்பினேட்டை மட்டுமீறி வெட்டிவிட்டால் வழி அகலமாக இருக்கும், குளிர்ச்சியை உணர வேண்டிய சவ்வு இருக்காது. வெறுமையான மூக்கு, மூச்சுத் திணறல், வறட்சி, தூக்கமின்மை. 1994இல் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த யூஜீன் கெர்ன் இதற்குக் ‘காலி மூக்கு’ என்று பேர் வைத்தார். அதே அளவு வெட்டப்பட்ட பலர் சுகமாக இருக்க, சிலருக்கு மட்டும் ஏன் வருகிறது என்பதில் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஈரப் பஞ்சை டர்பினேட் இருந்த இடத்தில் வைத்தால் மூச்சு சுலபமாகிறதா என்று பார்ப்பது ஒரு சோதனை. உங்களுக்கு இது இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சொட்டு மருந்தால் திறப்பவருக்கு உப்பிச் சுருங்க இன்னும் சதை மிஞ்சியிருக்கிறது என்று பொருள். ஆனால் இரண்டாவது முறை “இன்னும் கொஞ்சம் சதையை எடுத்துவிடலாம்” என்று யாராவது சொன்னால், இந்தப் பத்தியை நினைவில் வைத்துக்கொண்டு எவ்வளவு, எங்கே, எதற்கு என்று கேளுங்கள்.

அறுவையே வீண் என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டனில் 17 மருத்துவமனைகளில் 378 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தண்டு அறுவை, மறுபாதிக்கு ஸ்பிரே என்று ஒப்பிட்ட ஆய்வு 2023இல் வந்தது. மூக்குத் தொல்லையை ஒரு கேள்வித்தாளால் அளந்தார்கள்: 22 கேள்விகள், மொத்தம் 110 புள்ளி, எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஆறாம் மாதத்தில் ஸ்பிரே மட்டும் போட்டவர்களின் சராசரி 39.5, அறுவை செய்துகொண்டவர்களுடையது 19.9. நல்ல வித்தியாசம். ஆனால் அந்த 19.9 பூஜ்யம் அல்ல என்பதையும் பாருங்கள். அறுவைக்கு முன்னால் இதை நோயாளியிடம் சொல்லாமல் விடுவது எங்கள் தொழிலின் பழைய குறை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. இன்று முதல் ஒரு நோட்டில் வாரம் ஒருமுறை ஐந்து கேள்விக்கு 0 முதல் 4 வரை புள்ளி போடுங்கள்: மூக்கு திம்மென்றிருப்பது, அடைப்பு, மூக்கால் மூச்சு விடச் சிரமம், தூக்கம் கெடுவது, நடக்கும்போதும் ஓடும்போதும் காற்று போதாமை. கூட்டி ஐந்தால் பெருக்கினால் நூற்றுக்கு வரும். இது நாங்கள் உலகம் முழுதும் பயன்படுத்தும் அளவுகோல்தான். ஸ்பிரே, கழுவல் இரண்டையும் ஒழுங்காக எட்டு வாரம் செய்து, சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு, அதன் பிறகு எண்டோஸ்கோப்பி. அங்கே மருத்துவரே சுருக்கு மருந்தை வைத்து, வைப்பதற்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். வைத்ததும் திறந்தால் கோளாறு சவ்வில். வைத்தும் திறக்காவிட்டால் எலும்பிலோ வால்விலோ. இரண்டாவது அறுவையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு. நான் செய்பவனாக இருந்தால் ஓராண்டு முடியும் முன் பெரும்பாலும் கத்தி எடுக்க மாட்டேன்.

எட்டு வாரம் காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. குனியும்போது ஒரே துளையிலிருந்து தண்ணீர் போன்ற தெளிந்த நீர் சொட்டி, தொண்டையில் உப்புக் கரித்தால் அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். சைனஸ் அறுவையும் சேர்த்துச் செய்தவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒரே பக்கம் நாற்றத்தோடு சீழ், நிற்காத ரத்தம், கண் வீக்கம், பார்வை மங்கல், கழுத்து விறைப்போடு காய்ச்சல் இவற்றுக்கு அன்றே போங்கள். இதைப் படிக்கும் வேறு யாராவது அறுவை முடிந்து முதல் வாரத்தில் இருந்தால்: இரண்டு பக்கமும் திடீரென்று முழுதாக அடைத்து, விண்விண்ணென்று தெறித்தால் தண்டில் ரத்தம் கட்டியிருக்கலாம், அதற்கு மணிக்கணக்குதான் அவகாசம்.

கடைசி வரியில், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பது என்று கேட்டிருந்தீர்கள். கீழே இருக்கும் பக்கம் அடைக்கும், மேலே இருக்கும் பக்கம் திறக்கும். இது புவியீர்ப்பால் மட்டும் வருவதல்ல. அக்குளும் விலாவும் அழுந்தினாலே அந்தப் பக்க மூக்கு உப்பும். யோகிகள் யோகதண்டத்தை அக்குளில் ஊன்றிச் சரம் மாற்றுவது இந்தத் தந்திரம்தான். ஆகவே சொட்டு மருந்தை ஒரு பக்கம் நிறுத்தும் வாரத்தில், நிறுத்திய பக்கம் மேலே இருக்கும்படி படுங்கள். தலைமாட்டில் இன்னொரு தலையணையைச் சேர்த்துத் தோளோடு சேர்த்து உயர்த்திக்கொள்ளுங்கள், கழுத்தை மட்டும் மடக்கினால் காலையில் கழுத்துவலிக்கு வேறொரு மருத்துவரைத் தேட வேண்டியிருக்கும்.